குறியும் திருமேனியும்: இத்தாலிய ஓவியங்களிற் பண்டைத் தெய்வங்கள்

வாக்கு மனங்களைக் கடந்த பொருளை உணர்த்தப் புகுவார், யாதானுமொரு குறியைத் துணைக்கொள்ளாது உணர்த்துதல் இயலாது. இதுபற்றியே பல சமயத்தாரும் உருவங்களைக் காட்டி அவற்றின் வாயிலாகக் கருத்தை விளக்குவாராயினர். இவ்வுண்மையை எல்லை கடந்து நீட்டி, ‘தெய்வ வடிவங்கள் யாவும் வெறுங் குறிகளே, பொருள் விளங்கியபின் வடிவத்தால் ஆவதொன்றில்லை’ என்பாரும் உளர். அன்னார்க்குப் பெருந்துணையாகத் தோன்றத்தக்கன, கி. பி. 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் இத்தாலி நாட்டில் எழுந்த ஓவியங்கள். கிறித்துவ சமயத்தையே மேற்கொண்டொழுகிய அந்நாட்டார், வழிபாடொழிந்த பண்டைக் கிரேக்க உரோமத் தெய்வங்களை எடுத்து, ஆன்மாவின் ஏற்றத்துக்குக் குறிகளாக எழுதினர். அவ்வோவியங்களின் கருத்து யாது, அவற்றிற் காணப்படும் குறியும் சைவ நூல்கள் கூறும் திருமேனியும் ஒரு தன்மையவோ என்பன ஈண்டு ஆராயப்படும்.

உரோமப் பேரரசனாகிய தியோடோசியஸ் 391, 392-ஆம் ஆண்டுகளிற் பிறப்பித்த ஆணைகளாற் பழைய தெய்வங்களுக்குப் பலியிடுதலும் கோயில் வழிபாடும் விலக்கப்பட்டன. அதனால் அத்தெய்வங்கள் அடியோடு மறைந்தொழிந்தன என்று கருதற்க. பிரெஞ்சு அறிஞர் ழான் செஸ்னெக் 1940-இல் வெளியிட்ட நூலில் விரித்துக் காட்டியவாறு, அவை இடைக்காலம் முழுவதும் வேறு வேடம் பூண்டு வாழ்ந்தன. வானநூலார்க்கு அவை செவ்வாய், வெள்ளி, வியாழன் முதலிய கோள்களாயின. வரலாறு எழுதுவோர்க்கு முற்காலத்து மன்னராயின. அறநூலார்க்கு நற்குண தீக்குணங்களின் உருவகமாயின. ஓவிது என்னும் இலத்தீன் புலவர் பாடிய உருமாற்றக் கதைகளுக்குக் கிறித்துவ அறப்பொருள் உரைத்து, 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பிரெஞ்சு மொழியில் ஒரு பெருநூலே எழுந்தது. அவ்வுரைகளுட் பல வலிந்து பொருள் கொண்டனவே. எனினும், கதையின் உள்ளே வேறொரு பொருள் உண்டு என்னும் எண்ணத்தை ஆயிரம் ஆண்டுகள் அழியாது காத்த பெருமை அவற்றுக்கு உரியது.

இவ்வெண்ணத்துக்கு மெய்நூல் வலிமை தந்தது, புளோரன்ஸ் நகரிற் பிளாட்டோவின் நூல்கள் மீண்டும் பயிலப்பட்டமையாம். அந்நகரத் தலைவராகிய கோசிமோ தெ மெடிச்சி, தம் மருத்துவரின் மகனார் மார்சீலியோ ஃபிச்சீனோ (1433–1499) என்பார்க்குக் கரேஜ்ஜி என்னும் ஊரில் மனையொன்று அளித்து, கிரேக்க நூல்களை இலத்தீனில் மொழிபெயர்க்கச் செய்தார். பிளாட்டோவின் நூல்கள் 1484-இலும், புளோட்டினஸ் நூல் 1492-இலும் ஃபிச்சீனோவின் மொழிபெயர்ப்பில் அச்சேறின. 1473-இற் கிறித்துவ குருவாகத் திருநிலை பெற்ற அவர், தம் சமயத்துக்கும் பிளாட்டோவின் கொள்கைக்கும் முரணில்லை என நிறுவுதலையே வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

‘விருந்து’ என்னும் பிளாட்டோவின் உரையாடலுக்கு அவர் 1469-இல் எழுதி முடித்த உரையே ஈண்டைக்கு இன்றியமையாதது. அதன் சாரம் வருமாறு: இறைவனிடத்தினின்றும் ஒளி வெளிப்பட்டுப் பொருள்களிற் படர்தல் அழகு, அவ்வழகைக் கண்ட உயிர் ஈர்க்கப்படுதல் காதல், ஈர்க்கப்பட்ட உயிர் அவ்வொளி தோன்றிய இடத்தையே சார்ந்து நுகர்வது இன்பம். ஒன்றே மூன்று பெயர் பெற்று வட்டமாக இயங்குகின்றது என்பது கருத்து. இனி, வீனஸ் என்னும் காதற்றெய்வம் இருவர் என்றும் அவ்வுரை கூறும். ஒருத்தி தாயின்றி வானத்தினின்றும் பிறந்தவள். மற்றொருத்தி ஜூப்பிடருக்கும் தியோனேக்கும் பிறந்தவள். முன்னவள் அறிவுக்குப் புலனாகும் அழகையும், பின்னவள் உலகப் பொருள்களில் அவ்வழகை ஈன்று தரும் ஆற்றலையும் குறிப்பர். இவருள் ஒருத்தி நல்லவள், மற்றொருத்தி தீயவள் என்று கொள்ளுதல் பிழை. இருவரும் போற்றத்தக்கவரே, விலங்கின் தன்மையதாகிய காமம் இவ்விருவருக்கும் புறம்பானது. இவ்வேறுபாட்டை உணராமையால் இவ்வோவியங்கட்குப் பொருள் கூறுவோர் பலர் இடறியுள்ளனர்.

இக்கொள்கையை ஓவியமாகக் காணும் இடம், சாந்திரோ போட்டிசெல்லி 1480-ஆம் ஆண்டளவில் எழுதிய ‘இளவேனில்’ என்னும் பெரும்படம். இரண்டு மீட்டருக்குச் சற்று மிகுந்த உயரமும் மூன்று மீட்டருக்கு மிகுந்த அகலமும் உடைய மரப்பலகையில் எழுதப்பெற்ற இது, புளோரன்ஸ் நகரத்து உஃபீசி காட்சிச்சாலையில் உள்ளது. காண்போர் தம் வலப்புறத்தினின்றும் இடப்புறமாக இதனை வாசித்தல் வேண்டும். வலக்கோடியிற் செபிரஸ் என்னும் மேல்காற்று, நீலம் பாய்ந்த மேனியனாய், கன்னம் உப்ப ஊதிக்கொண்டு, குளோரிஸ் என்னும் நங்கையைப் பற்றுகின்றான். அவள் அஞ்சி ஓடுகின்றாள். ஓடுங்காலையிலேயே அவள் வாயினின்றும் மலர்கள் உதிர்கின்றன. அடுத்து, மலராடை உடுத்து மலர் தூவி வரும் புளோரா நிற்கின்றாள். இவ்விருவரும் வெவ்வேறு மகளிர் அல்லர். அஞ்சியோடிய குளோரிஸே பூக்களின் தலைவியாக மாறினாள் என்பது ஓவிதின் கதை. ஆகலின் மாற்றத்தின் இருநிலைகளும் அருகருகே எழுதப்பட்டன. நடுவிற் சற்றுப் பின்னே வீனஸ் நிற்கின்றாள். அவள் பின்னேயுள்ள மரச்செறிவு வளைவாக அமைந்து, கிறித்துவர் போற்றும் கன்னித்தாயின் படங்களிற் காணும் மாடம்போலத் தோற்றும். அவள் தலைக்கு மேல் கண்கட்டிய மகவாகிய காதல் அம்பு தொடுக்கின்றது. இடப்புறம் வனப்பணங்குகள் மூவர் கைகோத்து ஆடுகின்றனர். இடக்கோடியில் மெர்க்குரி, ஏனையோர்க்கு முதுகு காட்டி நின்று, தன் கோலால் மேலேயுள்ள முகிலைத் தீண்டுகின்றான்.

எட்கர் விண்ட் என்னும் அறிஞர் 1958-இல் வெளியிட்ட நூலில் இப்படத்துக்கு உரைத்த பொருள் பெரிதும் ஆழ்ந்தது. வலக்கோடியிற் காற்று கீழ்நோக்கி வருகின்றது. இடக்கோடியில் மெர்க்குரி மேல்நோக்குகின்றான். மேலிருந்து வந்த வேட்கை உலகில் அழகாக மலர்ந்து, நடுவில் வீனஸின் ஆட்சிக்குட்பட்டு, மீண்டும் மேலேறிச் செல்லும் வழி இது. ஆடுவோர் மூவருள் நடுவில் நின்று முதுகு காட்டுபவளையே அம்பு குறிவைக்கின்றது; அவளோ மெர்க்குரியை நோக்குகின்றாள். மிக எளிய கோலத்தினளாகிய அவளே கற்பு என்பர். உலகை வெறுத்தாற்போல விலகி நின்றவள் உள்ளத்திற் காதல் புகும்போது, அக்காதல் உலகை நாடாது மேலதனையே நாடும் என்றவாறு. மூவர்க்கும் கற்பு, அழகு, காதல் என்று பெயரிடுதல் இக்கால அறிஞரின் கற்பனையன்று. ஜொவான்னா தொர்னபுவோனி என்னும் புளோரன்ஸ் பெருமாட்டியின் பதக்கத்தில் அம்மூன்று பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஃபிச்சீனோவின் நண்பர் பிக்கோ தெல்லா மிராந்தோலாவின் பதக்கத்தில் அழகு, காதல், இன்பம் எனச் சிறிது மாறி வரும். அப்பிக்கோவே 1486-இல் வெளியிட்ட தொள்ளாயிரம் மேற்கோள்களுள், வீனஸின் ஒருமை வனப்பணங்குகளின் மும்மையாக விரிதலை உணர்ந்தவனே பழந்தெய்வ நூலின் நெறியறிவான் என்னும் கருத்தை அமைத்தார். அம்மேற்கோள்கள்மீது நிகழவிருந்த சொற்போரைப் போப்பாண்டவர் எட்டாம் இன்னொசென்ட் தடுத்துவிட்டார்.

அற்றேல், ஓவியர் இத்துணை நுண்பொருளை எண்ணித்தான் எழுதினாரோ எனின், ஈண்டு அறிஞர் தம்முள் மாறுபடுவர். கோம்பிரிச் என்பார் 1945-இல் ஒரு திருமுகத்தைச் சான்றாக எடுத்துக் காட்டினார். அது, மெடிச்சிக் குடியிற் பிறந்த லொரன்சோ தி பியர்ஃபிரான்செஸ்கோ என்னும் இளைஞனுக்கு, அவன் பதினைந்து வயதளவினனாயிருந்தபோது ஃபிச்சீனோ விடுத்தது. கோள்கள் வானில் மட்டுமல்ல, நம் உள்ளத்தும் உள. அவற்றுள் வீனஸ் என்பாள் மக்கட்பண்பு. அவளையே கண்ணுறுக என்பது அதன் கருத்து. 1975-இல் வெளிவந்த பழைய மனைப்பொருட் பட்டியொன்றால், ‘இளவேனில்’ 1499-இல் அவ்விளைஞன் குடியினரது நகரமனையில் இருந்ததென்பது தெளிவாயிற்று. மற்று, சார்லஸ் டெம்ப்சி 1992-இல், இப்படம் இளவேனிற்றிங்களைப் பாடும் பழம்பாட்டு மரபையே தழுவியதென்றும், மெய்நூற்பொருளை மிகுதியாக ஏற்றுதல் வேண்டாவென்றும் வாதித்தார். 1482-இல் நிகழ்ந்த லொரன்சோவின் திருமணத்தோடு இதனை இயைப்பாரும் உளர். பாட்டு மரபும் மெய்ந்நெறியும் அந்நகரத்தில் ஒரே அவையில் பயின்றமையின், ஒன்று மெய்யாயின் மற்றது பொய்யாதல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

டிஷியன் 1514-ஆம் ஆண்டளவில் எழுதி இப்பொழுது உரோம நகரத்துப் போர்கேசே காட்சிச்சாலையிலுள்ள படத்திலும் இருவகை வீனஸ் வருவர் என்ப. ஆடையணி பூண்ட மங்கையும் ஆடையற்ற மங்கையும் ஒரு நீர்த்தொட்டியின் இருபாலும் அமர்ந்துள்ளனர். முதலிற் பார்ப்போர் ஆடையுடையாளையே தெய்வக்காதல் என்று எண்ணுவர். எர்வின் பனோஃப்ஸ்கி காட்டியது இதற்கு மறுதலை: ஒப்பனை வேண்டாத மெய்யழகு ஆதலின் ஆடையற்றவளே வானவள், அவள் கையில் சுடர் ஏந்தியிருத்தலும் அதனை வலியுறுத்தும். படத்துக்கு இன்று வழங்கும் ‘தெய்விகக் காதலும் உலகியற் காதலும்’ என்னும் பெயர், வரையப்பட்டு ஏறக்குறைய நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து 1693-இற் காணப்படுவதென்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

இதுகாறும் கண்ட படங்களில் ஒரு குறை சித்தாந்த நூற்பயிற்சியுடையார்க்கு உடனே புலப்படும். உயிர் இறைவனிடத்தே தோன்றி, அழகால் ஈர்க்கப்பட்டு அவனிடத்தே மீளும் என்ற அளவில் இவை அமைகின்றன. இடையிற் கட்டு என்பதொன்று உண்டென்பதும், அது நீங்கினாலன்றி மீட்சியில்லை என்பதும் இவற்றிற் பேசப்படவில்லை. குளோரிஸின் அச்சம் ஓரடி எடுத்துவைத்த அளவில் மலராகிவிடுகின்றது. செம்பிற் களிம்புபோல் அநாதியே உயிரைப் பற்றிய ஆணவம் இத்துணை எளிதில் உதிர்வதன்று. அழகைக் கண்டு விரும்பிய அளவில் மலபரிபாகம் வாராது.

ஆயினும், அக்காலத்து இத்தாலியர் இதனை முற்றும் அறியாதிருந்தாரல்லர் என்பதற்கு மார்சியாஸின் கதை சான்று. மார்சியாஸ் என்பான் பாதி விலங்கும் பாதி மனிதனுமாகிய காட்டுத்தெய்வம். அத்தீனா எறிந்துவிட்ட குழலை எடுத்து ஊதப் பழகி, யாழ்த்தெய்வமாகிய அப்போலோவையே இசைப்போருக்கு அழைத்துத் தோற்றான். தோற்றவனை அப்போலோ உயிரோடு தோலுரித்தான். கதையளவிற் பார்த்தால் இது கொடுமையே. அப்போலோவின் செயலில் தெய்வத்தன்மை சிறிதுமில்லை. ஆனால், பிளாட்டோவின் ‘விருந்து’ நூலில் ஆல்சிபியாதீஸ் என்பான் தன் ஆசிரியராகிய சாக்ரட்டீசை மார்சியாஸுக்கு ஒப்பிட்டான்: புறம் விகாரம், அகத்தே தெய்வம். பின்னர்த் தாந்தே தம் பெருங்காப்பியத்தின் சுவர்க்க காண்டத் தொடக்கத்தில் அப்போலோவை வேண்டுமிடத்து, மார்சியாஸுக்கு நேர்ந்ததை ஓர் அருட்செயலாகவே நினைந்து, தம் நெஞ்சிற் புகுமாறு இரந்தார். அன்று தொட்டுத் தோலுரித்தல் என்பது, புறத்தே போர்த்த விலங்கியல்பு நீங்கி உள்ளொளி வெளிப்படுதற்குக் குறியாயிற்று.

ராபயேல் 1508 முதல் 1511 வரை போப்பாண்டவரின் வத்திக்கான் அரண்மனையில் எழுதிய அறையிற் புகுவார், இக்கருத்து எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பதை மேல்நோக்கிக் காணல் வேண்டும். நான்கு சுவர்களும் முறையே இறைநூல், மெய்ப்பொருணூல், பாட்டு, நீதி என்பவற்றுக்கு உரியன. மேல்தளத்தின் நான்கு மூலைகளிலும் பக்கத்துச் சுவர்கள் இரண்டனை இணைக்கும் சிறு படம் ஒவ்வொன்று உண்டு. மார்சியாஸ் தண்டனை பாட்டுக்கும் இறைநூலுக்கும் இடையே நிற்கின்றது. தாந்தேயின் உருவம் அவ்விரு சுவர்களிலும் எழுதப்பட்டிருத்தலை நோக்க, இவ்விடம் தற்செயலாக வாய்த்ததன்று என்பது துணிபு. பாடுவோன் தன் முனைப்பை உரித்தெறிந்தாலன்றி இறைவனைப் பாடான் என்பதற்கு இதனினும் செவ்விய இடம் வாய்த்தலரிது.

டிஷியன் தம் முதுமையில், 1570-க்கும் 1576-க்கும் இடையில் எழுதிய மார்சியாஸ் படம் செக் நாட்டுக் குரோமெரீஷ் நகரத்துப் பேராயர் மாளிகையில் உள்ளது. அதன்கண் மார்சியாஸ் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடப்பட்டிருக்கின்றான். பொன்முடியும் இலைமாலையும் தரித்த அப்போலோ முழந்தாளிட்டு, சிறுகத்தியால், வெகுளி சிறிதுமின்றி, மிகப் பொறுமையாகத் தோலை நீக்குகின்றான். ஒரு சிறுநாய் நிலத்திற் சொட்டிய குருதியை நக்குகின்றது. பின்னே ஒருவன் யாழிசைக்கின்றான். வலப்புறம் மிடாஸ் மன்னன் கன்னத்திற் கைவைத்துச் சிந்தித்திருக்கின்றான். அம்முகம் டிஷியனின் முகமே என்பர். 1571-இற் சைப்பிரஸ் தீவில் துருக்கியராற் பிரகதீன் என்னும் வெனிஸ் தளபதி தோலுரித்துக் கொல்லப்பட்ட செய்தியே இப்படத்துக்கு ஏது என்பாரும் உளர், இருக்கலாம். எனினும், வதைக்கும் கையில் இத்துணை மென்மையும், வதையின் நடுவே இசையும் ஏன் என்பதற்கு அவ்வேது விடை தாராது. தாய் தந்தையர் மகவை ஒறுத்தலும் மருத்துவன் புண்ணை அறுத்தலும் வெகுளியல்ல, அருளே என்று சித்தாந்த நூல்கள் கூறும் மறக்கருணையை அறிந்தோர்க்கு இப்படம் புதியதன்று. உமி நீங்கும்போது நெல்லுக்கு நேர்வதே ஈண்டும் நேர்கின்றது. ஒரு வேறுபாடு உண்டு: மறக்கருணை, உயிரின் பக்குவம் நோக்கி இறைவன் செய்வது. அப்போலோவோ கதைப்படி தானும் போட்டியிட்டு வென்றவன். ஒறுத்தற்குரிய நடுநிலை அவனிடத்தில்லை. அக்குறையை ஓவியர் தம் கைத்திறத்தால் மறைத்தனரேயன்றிக் கதையினின்றும் நீக்க வல்லராயினாரல்லர்.

இனி முதற்கண் எழுப்பிய வினாவுக்கு வருவோம். நடராசப் பெருமானின் துடியைப் படைப்பென்றும், அமைத்த கரத்தைக் காப்பென்றும், தீயை அழிப்பென்றும், ஊன்றிய திருவடியை மறைப்பென்றும், தூக்கிய திருவடியை அருளென்றும் உண்மை விளக்கம் கூறுதலை எல்லோரும் அறிவர். கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1918-இல் வெளிவந்த தம் நூலில் அப்பொருளை மேனாட்டார்க்கு எடுத்துரைத்தார். இதுவும் குறிப்பொருள் கூறுதல்தானே, வீனஸ் மக்கட்பண்பு என்பதனின் இஃது எவ்வாறு வேறாம் எனின், கூறுதும். வீனஸுக்கு அப்பொருள் கொள்ளப்பட்ட காலத்து அவளுக்குக் கோயிலில்லை, பூசையில்லை, தன்னை அவட்கு ஒப்புவித்த அடியவருமில்லை. எனவே, ஒருவர் அவளை மக்கட்பண்பு என்றார். மற்றொருவர் அறிவழகு என்றார். பிறிதொருவர் இளவேனில் என்றார். யார் கூறியதையும் மறுக்க அவளிடம் யாதுமில்லை. உண்மை விளக்கமோ, மாணவன் வினாவுக்கு விடையாக, நாடோறும் வழிபடப்படும் மூர்த்தியின்மேற் பொருள் காட்டுகின்றது. பொருள் அறிந்தபின்னும் மூர்த்தி நீக்கப்படுவதில்லை. மூர்த்தி கருத்துக்காகப் புனையப்பட்டதன்று. உயிர்கள்மேல் வைத்த அருளே வடிவாக இறைவன் கொண்டதென்பது சிவஞானசித்தியார் துணிபு.

ஃபிச்சீனோ பழந்தெய்வங்கள்மேல் ஆர்பியஸ் பாடியனவாக வழங்கும் துதிகளை யாழிசைத்துப் பாடும் வழக்கமுடையவர். 1489-இல் வெளியிட்ட நூலில் இசையாலும் உருவங்களாலும் கோள்களின் நல்லாற்றலைப் பெறும் வகையும் எழுதினார். அது வழிபாடன்றோ எனின், அவரே அதனை வழிபாடென்று ஒப்பவில்லை. மருத்துவம் என்றே கூறித் தம் நூலுக்குத் தற்காப்புரையும் உடனே எழுதினார். எத்தெய்வத்தைக் கொள்ளினும் அங்கே பயன் தருவோன் சிவபெருமானே என்பது சித்தியார் கொள்கையாதலின், அவர் வழிபட்டேன் என்று கூறியிருப்பின் அவ்வழிபாட்டுக்கும் பயனுண்டென்றே சைவர் கூறுவர். அவர் கொள்ளாத தெய்வத்தின்பால் அக்கொள்கை செல்லுமாறில்லை.

பற்றுக்கோடில்லாக் குறி எளிதிற் கைவிடப்படும் என்பதைப் புளோரன்ஸ் நகரமே கண்டது. சவொனரோலா என்னும் துறவியின் சொல்லைக் கேட்டு நகரத்தார் 1497-ஆம் ஆண்டு பெப்ரவரி 7-ஆம் நாள் அணிகலன், இசைக்கருவி, நூல், ஓவியம் முதலியவற்றைப் பொதுவிடத்திற் குவித்துக் கொளுத்தினர். அடுத்த ஆண்டில் அத்துறவியும் அதே இடத்திற் கொல்லப்பட்டார். போட்டிசெல்லி தம் படங்களைத் தாமே தீயிலிட்டார் என்னும் கதைக்கு உறுதியான சான்றில்லை. அவர் 1500-ஆம் ஆண்டின் முடிவில் எழுதியதாகக் கிரேக்கமொழியிற் குறிப்பெழுதிய படம் ஒன்று இலண்டன் தேசியக் காட்சிச்சாலையில் உள்ளது. அது கிறித்துவின் பிறப்பைக் காட்டுவது. கீழே வானவர் மூவர் மனிதர் மூவரைத் தழுவி நிற்க, சிறு பேய்கள் நிலவெடிப்புகளில் ஓடி ஒளிகின்றன. வீனஸ் அங்கில்லை, மெர்க்குரியும் இல்லை. மேலே பொன்வானத்தில் வானவர் பன்னிருவர் ஒலிவக் கிளை ஏந்தி, வனப்பணங்குகள் ஆடியவாறே, வட்டமாக ஆடுகின்றனர்.